பிற்பாட்டில் நிற்பவள்: ஒரு மாணவியின் கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் ஏ.எல் (உயர்தர) கலைப்பிரிவில் படிக்கிறேன். நாடகமும் அரங்கியலும் எனக்கு ஒரு பாடம். எடுக்கும்போது எல்லாரும் சுகமான பாடம் என்றார்கள். முதல் தவணை முழுக்க ரீச்சர் எங்களை நாடகமே நடிக்க விடவில்லை. நடக்கச் சொன்னா, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் குரலை ஒருவர் பிடித்துப் போகச் சொன்னா, மூச்சை எண்ணச் சொன்னா. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் யன்னலால் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

இப்போது எங்கள் பக்கத்துக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடியில் ஒரு பகுதி பழகுகிறோம். எனக்கு எப்போதும் பிற்பாட்டுத்தான், ஆடுகிறவர் பாடியதைப் பின்னால் நின்று திரும்பப் பாடும் கூட்டம். என் குரல் கடைசி வரிசைக்குக் கேட்காதாம். பாடசாலை விழாவில் கர்ணனாக ஆடிய தோழி அடுத்த தரு (கூத்துப் பாட்டு) வராமல் நின்றுவிட்டாள். நான் பின்னால் இருந்து முதல் அடியை எடுத்தேன், மற்றவர்களும் சேர்ந்து பாடினார்கள், அவளும் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் எல்லாரும் அவளோடு படம் எடுத்தார்கள். ரீச்சர் மட்டும் என்னிடம், "கொஞ்சம் முந்தி எடுத்திட்டீர்" என்றா.

மற்ற நாட்களில் குறிப்பு எழுதுவதுதான் வேலை. கிரேக்க அரங்கு மட்டும் பல பக்கம். நடிக்கவும் வராது, இதை ஏன் படிக்கிறேன் என்று தெரியவில்லை. இதால் என்ன வேலை கிடைக்கும் என்று அம்மா கேட்கிறா.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தங்கைக்கு,

"சிறிய பாத்திரம், பெரிய பாத்திரம் என்று நாடகத்தில் கிடையாது" என்று யாராவது உங்களுக்கு ஆறுதல் சொல்லியிருப்பார்கள். எனக்கு அந்த ஆறுதலில் நம்பிக்கை இல்லை. சாமரம் வீசுகிற பிள்ளைக்குத் தெரியும், தான் சாமரம்தான் வீசுகிறோம் என்று. ஆனால் உங்கள் விஷயம் வேறு. பிற்பாட்டைச் சிறிய பாத்திரங்களின் கணக்கில் சேர்த்ததுதான் பிழை.

கூத்து எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வட்டக்களரியில், அதாவது வட்டமான ஆடுகளத்தில், சுற்றிவர ஆட்கள். ஆடுகிறவர் ஒரு பக்கம் திரும்பினால் மறுபக்கத்துக்கு முதுகுதான். உடுப்பும் முடியும் பாரம். வடமோடி ராசாவுக்குக் கூடைபோல் விரிந்த கரப்புடுப்பு வேறு. பாடிவிட்டு அவர் துள்ளி ஆட வேண்டும். ஒலிவாங்கி இல்லாத காலத்தில் இது விடியும்வரை நடந்தது. ஒரு மனிதனின் மூச்சு இவ்வளவுக்கும் போதாது. அதனால்தான் அவர் பாடியதைப் பிற்பாட்டுக்காரர் வாங்கித் திரும்பப் பாடுகிறார்கள். அந்த நேரத்தில் அவர் ஆடுகிறார், மூச்சும் எடுக்கிறார், அவருடைய முதுகைப் பார்த்து இருந்தவருக்கும் சொல் போய்ச் சேர்கிறது. பிற்பாட்டை எடுத்துவிட்டால் ஆட்டம் கால் மணி நேரம்கூடத் தாங்காது.

மறதி விஷயத்துக்கு வருகிறேன். முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையில் வசனம் எடுத்துக்கொடுக்கிறவர் திரைக்குப் பின்னால் ஒளிந்திருப்பார். அவர் இருப்பது சபைக்குத் தெரியக்கூடாது. கூத்தில், அதைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும், ஏடு பார்ப்பவரும், மத்தளமும், பிற்பாட்டும் களரியிலேயே எல்லார் கண்ணிலும் படும்படி நிற்கிறார்கள். மறந்தால் எடுத்துக்கொடுப்பார்கள், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. நீங்கள் அன்றைக்குச் செய்தது அவசரத்தில் வந்த கெட்டித்தனம் என்று நினைக்கிறீர்கள் போல. அது அந்த இடத்துக்கு உரிய வேலை. அண்ணாவியாராக வருகிறவருக்குத் தன் தரு மட்டும் தெரிந்தால் போதாது, எல்லாருடைய தருவும் தாளக்கட்டும் தெரிய வேண்டும். கர்ணனாக ஆடுகிற பிள்ளைக்குக் கர்ணனின் பாட்டுத் தெரியும். பிற்பாட்டில் நிற்கும் உங்களுக்கு எல்லாருடைய பாட்டும் தெரியும்.

ரீச்சர் "முந்தி எடுத்திட்டீர்" என்றதை ஏச்சாக எடுத்திருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்களை அண்ணாவியார் நிற்கும் இடத்தில் வைத்துப் பார்த்த ஒருவர்தான் அரைத் தாளம் முந்தியதைக் கவனிப்பார். எவ்வளவு பொறுத்து எடுத்திருக்கலாம் என்று அவரிடமே போய்க் கேளுங்கள். மறந்த ஆள் தானே மீளுவதற்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும், அந்த இடம் சபைக்கு ஓட்டையாகத் தெரியவும் கூடாது. முதல் தவணையில் கண்ணைக் கட்டிக்கொண்டு குரலைப் பிடித்து நடந்தீர்களே, அது இந்தக் காதுக்கான பயிற்சிதான். யன்னலால் பார்த்துச் சிரித்தவர்களை விடுங்கள்.

சரி, குரல். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் அது உண்மையாகத்தான் இருக்கும், அதற்காகக் கத்த வேண்டாம். தொண்டையை இறுக்கிக் கத்தினால் ஒரு வாரத்தில் குரல் கட்டும். பழகத் தொடங்குகிறவர்களில் பலர் வாக்கியத்தை நல்ல சத்தமாகத் தொடங்கி, முடியும்போது மூச்சில்லாமல் விழுங்கிவிடுகிறார்கள். தமிழில் அது பெரிய இழப்பு. வினை கடைசியில்தான் வருகிறது. "உன்னோடு போருக்கு வர" வரை கேட்டுவிட்டு, வருவேனா மாட்டேனா என்று தெரியாமல் சபை இருக்கும். பாடும் அடியைக் கடைசி அசையில் இருந்து பின்னோக்கிப் பழகுங்கள். கடைசிச் சொல், அப்புறம் கடைசி இரண்டு சொல், இப்படியே முழு அடி. எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்பதைப் பென்சிலால் கொப்பியில் குறித்துவிடுங்கள்.

இனி அந்தக் கிரேக்கக் குறிப்பு. நாடகத்தைச் சொல்லி எழுதவைப்பதில் எனக்கும் உடன்பாடில்லை, ஆனால் பரீட்சை இருக்கும்வரை அது போகப்போவதில்லை. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கங்களைப் பிற்பாட்டுக்காரியாக வாசித்துப் பாருங்கள். கிரேக்கத் துன்பியல் நாடகம் கோரசில் இருந்துதான் பிறந்தது. கூட்டமாகப் பாடி ஆடியவர்கள் முதலில், தனி நடிகர் பிறகுதான் வந்தார். சோபக்கிளிஸ் காலத்தில்கூடப் பேசும் நடிகர்கள் மூன்று பேர், கோரசில் பதினைந்து பேர். மூன்று பேரே முகமூடி மாற்றி எல்லாப் பாத்திரத்தையும் ஆடினார்கள். கோரஸ் மட்டும் உள்ளே வந்தால் பெரும்பாலும் கடைசிவரை அங்கேயே நிற்கும். கோரசையும் நடிகர்களில் ஒருவராகக் கொள்ள வேண்டும் என்று அரிஸ்டோட்டில் எழுதியிருக்கிறார். இதை மனப்பாடம் செய்கிறவருக்கு இது ஒரு வரி. களரியில் கால் வலிக்க நின்ற உங்களுக்கு இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. விடையில் அதையும் எழுதுங்கள். "எமது வடமோடிப் பயிற்சியில்" என்று தொடங்கும் ஒரு பந்தி, ரியூசன் குறிப்பில் வராத பந்தி.

நம் அரங்கிலும் இந்தக் கூட்டுக்குரல் விட்டுப்போகவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனை மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்' போட்டபோது, விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். சுருக்கியும் பிற்பாட்டை விடவில்லை. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் எழுதி 1985இல் மேடையேறிய 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தில் உரைஞர்கள் வருகிறார்கள். தனிப் பெயர் இல்லாதவர்கள், கதையையும் சனத்தின் துயரத்தையும் சுமப்பவர்கள். உங்கள் பாடசாலை நூலகத்தில் பிரதி கிடைத்தால் உரைஞர் பகுதிகளை மட்டும் எடுத்துச் சத்தமாக வாசியுங்கள். அந்தக் காலத்து யாழ்ப்பாணச் சனம் அதைக் கேட்டு ஏன் அப்படிக் கலங்கியது என்று கொஞ்சம் பிடிபடும்.

அம்மாவின் கேள்வி நியாயமானது, அதை மழுப்ப விரும்பவில்லை. நடிப்பை நம்பித் தமிழில் சீவிக்கிறவர்கள் இலங்கையில் மிகக் குறைவு. ஆனால் படிப்புக்கு வழி இருக்கிறது. கல்லடியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும் பட்டப்படிப்பாக இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் இருந்து அழகியல் பாடங்களில் ஒன்றாக நாடகம் இருப்பதால் பாடசாலைகளுக்கு ஆசிரியர்கள் தேவை. வேலை என்று வந்தால் பெரும்பாலும் அதுதான், உடனே கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. மற்ற இரண்டு பாடங்களையும் கவனமாகப் படியுங்கள், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி மூன்றையும் சேர்த்துத்தான் வரும்.

செயன்முறைப் பரீட்சைக்கு முன்னர் இன்னொரு வேலையும் செய்யலாம். ஊரில் யாராவது அண்ணாவியார் இருந்தால், ரீச்சரைக் கூட்டிக்கொண்டு போய் பாத்திரங்கள் களரிக்கு வரும்போது அடிக்கும் வரவுத் தாளங்களை மத்தளத்தில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பெண்பிள்ளைக்கு எதற்கு மத்தளம் என்று யாராவது கேட்கக்கூடும். கேட்டால், பரீட்சைக்கு என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா