உலகப் பாரம்பரியச் சின்னங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வெளியூரிலிருந்து வரும் எங்கள் உறவினர்கள் பலர் மீனாட்சியம்மன் கோயில் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை என்று அறிந்ததும் எனக்கு வருத்தமாகிவிட்டது. தஞ்சைக்கும் மாமல்லபுரத்துக்கும் கிடைத்த பெருமை மதுரைக்கு ஏன் கிடைக்கவில்லை?
– வாசகி ஒருவர், சிம்மக்கல்

பதில்: மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இல்லை என்பது உண்மைதான். தமிழ்நாட்டிலிருந்து 1984இல் மாமல்லபுரமும், 1987இல் தஞ்சைப் பெரிய கோயிலும், அதன் தொடர்ச்சியாக 2004இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும், 2005இல் நீலகிரி மலை ரயிலும் அதில் இடம்பெற்றன. 2012இல் சேர்க்கப்பட்ட மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் நமக்கு அண்மையிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் வனவிலங்குச் சரணாலயமும் ஒன்று. 2025இல் மராட்டியர் கோட்டைகளின் தொகுப்போடு செஞ்சிக் கோட்டையும் சேர்ந்தது. மதுரை நகரிலிருந்து எதுவும் இதுவரை சேரவில்லை.

ஆனால் இதைக் கோயிலின் தகுதி பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. யுனெஸ்கோ தானாகத் தேடி வந்து எந்த இடத்தையும் பட்டியலில் சேர்ப்பதில்லை. அந்தந்த நாட்டின் அரசு முதலில் ஓர் உத்தேசப் பட்டியலைக் கொடுக்க வேண்டும்; அதில் குறைந்தது ஓராண்டு இருந்த இடத்தைத்தான் பிறகு முறைப்படி முன்மொழிய முடியும். ஆண்டுக்கு ஒரு நாடு ஓர் இடத்தை மட்டுமே முன்மொழியலாம் என்ற வரம்பு 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவின் உத்தேசப் பட்டியலிலோ அறுபதுக்கும் மேற்பட்ட இடங்கள் காத்திருக்கின்றன. ஸ்ரீரங்கம் கோயிலும் செட்டிநாட்டு ஊர்களும் 2014 முதல் அந்த வரிசையில்தான் நிற்கின்றன. ஸ்ரீரங்கத்துக்கு 2017இல் கிடைத்தது, புதுப்பிப்புப் பணிக்காக யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பிரிவு வழங்கிய விருது. அதற்கும் உலகப் பாரம்பரியப் பட்டியலுக்கும் தொடர்பில்லை.

மதுரையை முன்மொழிவதென்றால் கோயிலை மட்டும் தனியே முன்மொழிவது போதாது என்பது என் உறுதியான கருத்து. ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று கோயிலை நடுவில் வைத்து ஒன்றையொன்று சூழ்ந்து நிற்கும் வீதிகளும், அவற்றில் மாதம் தவறாமல் நடக்கும் சுவாமி புறப்பாடுகளும் சேர்ந்ததுதான் மதுரை. வானளாவிய கோபுரங்கள் வேறு ஊர்களிலும் உண்டு. ஒரு நகரத்தின் தெருக்களே திருவிழாக் காலண்டராக இன்றும் இயங்குவது உலகில் மிகவும் அரிது. ஆனால் அந்த வாதத்தை எழுப்பும்போது, அத்தெருக்களை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்ற கேள்வியும் உடனே எழும். முன்மொழியப்படும் ஒவ்வோர் இடத்துக்கும் பாதுகாப்பு எல்லையும், நடைமுறையில் உள்ள பராமரிப்புத் திட்டமும் காட்டப்பட வேண்டும். கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் கட்டடங்கள் ஒன்பது மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று அரசாணை இருந்தும், மாசி வீதியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கோபுரத்துக்கு முன்னால் விளம்பரப் பலகைதான் கண்ணில் படுகிறது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் பற்றிய தீ, கல் மண்டபத்துக்குள் கடைகளை அனுமதித்தால் என்ன நேரும் என்பதைக் காட்டியது. அதன் பிறகு கோயிலுக்குள் இருந்த கடைகள் அகற்றப்பட்டதும், புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டதும் நல்ல தொடக்கம். அந்த மண்டபத்துத் தூண்களில் நாயக்க மன்னர்களின் உருவச் சிலைகளைக் கடைகளின் மறைப்பின்றிக் காண முடிவதே பெரிய பேறு.

கேள்வி: இப்படி ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்கு, எப்போது வந்தது?
– வாசகர் ஒருவர், சோழவந்தான்

பதில்: அதற்குக் காரணமாக இருந்தது ஓர் அணை. நம் வைகை அணை திறக்கப்பட்ட அதே 1959ஆம் ஆண்டில், நைல் நதியின் குறுக்கே அஸ்வானில் பேரணை கட்டத் திட்டமிட்டிருந்த எகிப்து அரசு, எகிப்தின் தெற்கிலும் சூடானின் வடக்கிலும் பரந்த, நீரில் மூழ்கவிருக்கும் நூபியா பகுதியின் பழஞ்சின்னங்களைக் காப்பாற்ற உதவும்படி யுனெஸ்கோவைக் கேட்டுக்கொண்டது. சூடானும் அதே ஆண்டு அந்தக் கோரிக்கையில் சேர்ந்தது. அவற்றில் தலையாயது அபு சிம்பல்: மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் ராம்சேஸ் என்ற மன்னன் மலைப்பாறையைக் குடைந்து எடுத்த கோயில். அதன் வாயிலில் அமர்ந்திருக்கும் நான்கு சிலைகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ இருபது மீட்டர் உயரமுள்ளவை.

1964 முதல் 1968 வரை அக்கோயிலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாளங்களாக அறுத்து, எண்ணிட்டு, முன்பிருந்த இடத்தைவிட அறுபத்தைந்து மீட்டர் உயரத்திலும் இருநூறு மீட்டர் பின்னாலும் மீண்டும் அடுக்கினார்கள். ஒவ்வொரு பாளமும் சராசரியாக இருபது டன் எடை. ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் அக்டோபரிலும், உதயசூரியனின் ஒளி கருவறை வரை சென்று சிலைகள் மீது விழும்படி பழைய சிற்பிகள் திசை அமைத்திருந்தார்கள். புதிய இடத்திலும் அது தவறவில்லை. ஐம்பது நாடுகள் அளவில் பணமோ ஆளோ கொடுத்து உதவின. ஒரு நாட்டின் சொத்தைக் காக்க மற்ற நாடுகள் கைகொடுக்க முடியும் என்ற அந்த அனுபவத்திலிருந்துதான் 1972 நவம்பரில் உலகப் பாரம்பரிய உடன்படிக்கை பாரிசில் நிறைவேறியது. 1978இல் முதன்முதலாகப் பன்னிரண்டு இடங்கள் சேர்க்கப்பட்டன. 2025 ஜூலைக் கூட்டத்துக்குப் பின் எண்ணிக்கை 1,248. இந்தியாவுக்கு அதில் 44.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கற்களைத் தூக்கி வைத்துக் காப்பாற்றினார்கள்; ஆனால் அதே அணையால் ஏறத்தாழ ஒரு லட்சம் நூபிய மக்கள் ஊரையும் வயலையும் பேரீச்ச மரங்களையும் விட்டு வேறிடம் போனார்கள். அபு சிம்பலைப் பார்க்கச் செல்கிறவர்கள், அஸ்வானில் உள்ள நூபிய அருங்காட்சியகத்துக்கும் அரைநாள் ஒதுக்குவது நல்லது.

கேள்வி: நானும் என் மனைவியும் அறுபதைக் கடந்தவர்கள், இருவருக்கும் லேசான முழங்கால் வலி உண்டு. வாழ்நாளில் ஒருமுறையாவது வெளிநாடு சென்று பழைய கோயில்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பிள்ளைகள் அங்கோர்வாட் போகச் சொல்கிறார்கள். தங்கள் ஆலோசனை என்ன?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், திருமங்கலம்

பதில்: அங்கோர்வாட் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். ஆனால் முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு இலங்கையைத்தான் நான் சொல்வேன். மதுரையிலிருந்தே கொழும்புக்கு நேரடி விமானம் இருக்கிறது. சுமார் ஒரு மணி நேரப் பயணம். உணவும் பேச்சும் பழக்கமானவை. முன்கூட்டியே இணையத்தில் மின்னணுப் பயண அனுமதி பெற்றுக்கொண்டால் போதும். அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய மூன்றும் 1982லேயே உலகப் பட்டியலில் சேர்ந்தவை. ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் காரில் சில மணி நேரம்தான்.

முழங்கால் வலி இருப்பதால் பொலன்னறுவைக்கு அதிக நாள் கொடுங்கள். பெரும்பாலும் சமதளம், ஒவ்வொரு சின்னத்தின் அருகிலும் வண்டி நிற்கும். சோழர்கள் பதினோராம் நூற்றாண்டில் ஈழத்தை ஆண்டபோது அதுவே அவர்களுடைய தலைநகர். அங்கே வானவன்மாதேவி ஈச்சரம் என்ற சிவன் கோயில் இன்னும் விமானத்தோடு நிற்கிறது. ராஜேந்திர சோழனின் தாயின் பெயரால் எழுந்த கோயில் அது. தஞ்சையைப் பார்த்தவர்கள் அதன் அளவைக் கண்டு ஏமாறக்கூடும். ஆனால் கடல் கடந்த மண்ணில் நம் ஊர் வேலைப்பாட்டைச் சட்டென்று அடையாளம் காணும் மகிழ்ச்சி தனி. கல் விகாரையில் ஒரே பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகளை மாலை வெயிலில் பாருங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று புகைப்படம் எடுப்பதை அங்குள்ள மக்கள் அவமதிப்பாகக் கருதுகிறார்கள்; இதைக் கவனத்தில் வையுங்கள்.

சிகிரியாவில் உச்சி வரை ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு படிகள். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அந்தப் பாறையின் மேல் அரண்மனை கட்டினான். அடிவாரத்து நீர்த்தோட்டங்களைச் சுற்றிவந்து, இயன்றால் பாதி வழியிலுள்ள ஓவியங்கள் வரை காலையிலேயே ஏறித் திரும்பிவிடுங்கள். உச்சிக்குப் போகவில்லை என்பதற்காக வருந்த வேண்டாம். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் ஏற்றவை.

அங்கோர்வாட்டுக்கு இன்னொரு பயணமாகவே திட்டமிடுங்கள். மதுரையிலிருந்து நேரடி விமானம் இல்லை, இடையில் மாற வேண்டும். கம்போடியாவில் அங்கோர்வாட்டுக்கு அருகிலுள்ள சியெம் ரீப் நகரின் புதிய விமான நிலையம் 2023இல் திறக்கப்பட்டது. அது ஊருக்கு வெகு வெளியே இருப்பதால் வண்டியை முன்பதிவு செய்துகொள்வது நல்லது. ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள் என நுழைவுச்சீட்டுகள் உண்டு. மூன்று நாள் சீட்டுதான் வயதானவர்களுக்கு நிதானம் தரும். மேல் தளத்துக்குப் போகும் படிகள் மிகச் செங்குத்து, அதை விட்டுவிடலாம். கீழ்த்தளத்துச் சுற்றாலையில் பாற்கடல் கடையும் காட்சியும், குருக்ஷேத்திரப் போரும், இலங்கைப் போரும் நீண்ட சுவர் முழுக்கச் செதுக்கப்பட்டிருக்கின்றன. வழிகாட்டி இல்லாமலே கதை புரிந்துகொள்ளும் பேறு நமக்கு இருப்பதால் அங்கேயே அரைநாள் கழிக்கலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம்.

கேள்வி: உலகின் புதிய ஏழு அதிசயங்களைத் தேர்ந்தெடுத்ததும் யுனெஸ்கோதானா?
– மாணவர் ஒருவர், உசிலம்பட்டி

பதில்: இல்லை. அது சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஒரு தனியார் அறக்கட்டளை நடத்திய வாக்கெடுப்பு. முடிவு 2007 ஜூலை 7 அன்று லிஸ்பனில் அறிவிக்கப்பட்டது. தனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று யுனெஸ்கோ அப்போதே தெளிவுபடுத்திவிட்டது.

கேள்வி: ஒருமுறை சேர்த்த இடத்தைப் பட்டியலிலிருந்து நீக்குவதுண்டா?
– வாசகர் ஒருவர், வாடிப்பட்டி

பதில்: உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து எல்பே ஆற்றுப் பள்ளத்தாக்கு 2004இல் சேர்க்கப்பட்டு, நடுவே நான்கு வழிப் பாலம் கட்ட முனைந்ததால் 2009இல் நீக்கப்பட்டது. இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகப் பகுதி, புதுக் கட்டடங்களால் தன் தோற்றத்தை இழந்துவிட்டதென்று 2021இல் நீக்கப்பட்டது.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஹம்பி. மதுரை நாயக்கர்களை இங்கே அனுப்பிய விஜயநகரப் பேரரசின் தலைநகரம் அது. 1986இல் சேர்க்கப்பட்ட ஹம்பி, ஆனெகுந்தி அருகே துங்கபத்திரையின் குறுக்கே பாலம் கட்டத் தொடங்கியதால் 1999இல் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலுக்குப் போனது. 2006இல்தான் அதிலிருந்து மீண்டது. அந்தப் பாலம் 2009 ஜனவரியில் கட்டுமானத்தின்போதே இடிந்து விழுந்து தொழிலாளர்களின் உயிரைப் பறித்தது. ஹம்பிக்குச் செல்லும் மதுரைக்காரர்கள் விட்டலர் கோயிலின் தூண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, நம் கோயிலின் வடக்குக் கோபுரத்தருகே உள்ள இசைத்தூண்களையும் மறுபடி பார்க்க வேண்டும். இரண்டையும் கண்ணால் ரசிக்கலாம். தட்டிப் பார்க்கக் கூடாது.

கேள்வி: தமிழ்நாட்டுக்கு வெளியே, உலகப் பட்டியலில் உள்ள இடங்களில் தமிழர் தடம் எங்கெல்லாம் இருக்கிறது?
– வாசகி ஒருவர், திருப்பரங்குன்றம்

பதில்: பொலன்னறுவையை மேலே சொன்னேன். பலரும் அறியாதது சீனாவின் புஜியன் மாகாணத்துச் சுவான்சௌ துறைமுக நகரம். 2021இல் உலகப் பட்டியலில் சேர்ந்த அந்நகரில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தமிழ் வணிகர்கள் வாழ்ந்து, சிவனுக்குக் கோயில் எடுத்தார்கள். குப்லாய் கானின் ஆட்சிக் காலமான 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. கோயில் இன்று இல்லை. அதன் தூண்களும் சிற்பங்களும் அவ்வூரின் கையுவான் பௌத்த ஆலயத்தில் பொருத்தப்பட்டு இன்றும் காக்கப்படுகின்றன. மலேசியாவில் 2008இல் பட்டியலில் சேர்ந்த பினாங்கின் ஜார்ஜ் டவுனில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும், தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் நடந்துபோகும் தொலைவில் இருக்கின்றன.

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள அரிட்டாபட்டியும் பாரம்பரியத் தலம் என்கிறார்கள். அதுவும் யுனெஸ்கோ அறிவிப்பா? பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாமா?
– ஆசிரியை ஒருவர், மேலூர்

பதில்: அது யுனெஸ்கோ அறிவிப்பு இல்லை. 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்த பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். இந்த வகையில் மாநிலத்திலேயே முதலாவது. அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் சேர்ந்து 193.42 ஹெக்டேர் பரப்பு. அத்தலத்தின் பரப்பையும் உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் கனிமச் சுரங்கம் அமைக்க ஏலம் விடப்பட்டதும், சுற்றியுள்ள ஊர் மக்கள் திரண்டு எதிர்த்ததும், 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்ததும் தங்களுக்குத் தெரியாததல்ல. உலகப் பட்டியல் எதுவும் துணைக்கு இல்லாமலே அம்மலைகளைக் காத்தவர்கள் அந்த ஊர்களின் விவசாயிகளும் பெண்களும்தான் என்பதை நான் பெருமையோடு சொல்கிறேன்.

பிள்ளைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். குன்றுகளுக்கு நடுவே முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயிலும், சமண முனிவர்களின் கற்படுக்கைகளும், தமிழ் பிராமி எழுத்துகளும், தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பமும் ஒரே நாளில் பார்க்கும்படி அமைந்திருக்கின்றன. மீனாட்சிபுரம் பக்கத்து மாங்குளம் மலையின் பிராமிக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் என்ற பெயரை அவர்களே எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி முன்தினமே கரும்பலகையில் சில எழுத்துகளைப் பழக்கிவிடுங்கள். மலையில் வல்லூறுகளும் ராஜாளிகளும் கூடு கட்டுகின்றன. ஆதலால் பாறை விளிம்புகளை நெருங்காமலும், ஒலிபெருக்கி இல்லாமலும் செல்ல வேண்டும். வெயிலுக்கு முன் காலை ஏழு மணிக்கே ஏறத் தொடங்குவது நல்லது. மேலே கடைகள் இல்லாததால் தண்ணீரைக் கீழிருந்தே எடுத்துச் செல்லுங்கள். ஊருக்குள் நுழைந்ததும் பஞ்சாயத்தில் சொல்லிவிட்டால், வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரை உடன் அனுப்பும்படி கேட்கலாம்.