நத்தைத் தீவனம்: மீன்தூளுக்குப் பதில் எதை வாங்கலாம்?

கேள்வி: உணவுக்காக நத்தை வளர்க்கிறேன். தீவனத்தில் புரதத்துக்கு மீன்தூள்தான் சேர்க்கிறேன். செலவில் பெரும்பங்கு அதற்கே போய்விடுகிறது. விலை குறைந்த மாற்று எது? கோழித் தீவனத்தையே போடலாம் என்கிறார்களே, சரியா?

பதில்: முதலில் மூட்டை விலையை மட்டும் பார்ப்பதை விடுங்கள். கிலோ விலையைப் புரத அளவால் வகுத்துப் பாருங்கள். நல்ல மீன்தூளில் புரதம் 60 சதவீதம் அளவில் இருக்கும். கடலைப் புண்ணாக்கிலும் சோயா புண்ணாக்கிலும் 45ஐ ஒட்டி. மீன்தூள் இரண்டு மடங்கு விலை என்று வைத்துக்கொண்டால், அதே புரதம் புண்ணாக்கில் மூன்றில் இரண்டு பங்கு செலவில் கிடைத்துவிடும்.

ஈரமான சரக்கில்தான் இந்தக் கணக்கு ஆளைக் கவிழ்க்கும். பீர் ஆலைச் சக்கை மலிவுதான். காயவைத்தால் அதில் புரதம் ஏறக்குறைய கால் பங்கு. ஆனால் ஈரமாக வரும்போது முக்கால் பங்கு தண்ணீர், அதற்கும் சேர்த்து வண்டி வாடகை. சீக்கிரமே புளித்தும் போகும். ஆலை பக்கத்திலேயே இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

என்னைக் கேட்டால் புண்ணாக்குதான். கடலைப் புண்ணாக்கு ஒரு பங்கு, கோதுமைத் தவிடு மூன்று பங்கு, மேற்கொண்டு சுண்ணாம்புக்கல் தூள் என்று கலந்தால் புரதம் 20 சதவீதத்தை ஒட்டி வரும். நத்தைக்கு அது போதும். ஆனால் வாங்கும்போது ஒரு வில்லையை உடைத்துப் பார்த்தே வாங்குங்கள். வெளியே நன்றாகத்தான் இருக்கும். உள்ளே பச்சையாகவோ சாம்பலாகவோ படர்ந்திருந்தால், காறல் வாடை அடித்தால், வேண்டாம். கடலையில் வரும் பூஞ்சணத்தின் அஃப்ளாடாக்சின் நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. சோயாவில் இன்னொரு விஷயம்: வேகாத சோயாவை அப்படியே அரைத்துப் போடக்கூடாது. புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. வறுத்தோ வேகவைத்தோதான் போட வேண்டும்.

மலிவான மீன்தூள் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கி நிறுத்துங்கள். மணல் கலந்திருந்தால் அடியில் தங்கிவிடும். நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தாலும் வேண்டாம், நத்தைக்கு உப்பு ஆகாது. யூரியா கலப்படம் மட்டும் இப்படித் தெரியாது. ஆய்வகச் சோதனையிலும் நைட்ரஜன் அளவை மட்டும் பார்த்தால், அது புரதக் கணக்கிலேயே சேர்ந்துவிடும்.

சரி, கோழித் தீவனம். முட்டைக்கோழிக்கான தீவனம் போடலாம். புரதம் 16 முதல் 18 சதவீதம், கால்சியம் 4 சதவீதம் அளவில் இருக்கும். கறிக்கோழித் தீவனத்தில் புரதம் கூடுதல், கால்சியம் ஏறக்குறைய 1 சதவீதம்தான். எதைப் போட்டாலும் சுண்ணாம்புக்கல் தூளைத் தனித் தட்டிலும் வையுங்கள், ஓடு முழுக்க அதுதானே. சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு வேண்டாம், உடம்பை அரித்துவிடும். பன்றித் தீவனம் விலை குறைவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். தாமிரம் அதிகமாகச் சேர்ப்பார்கள், நத்தைக்கு அது நஞ்சு.

அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் சின்னச் செடி), முருங்கை இலை இரண்டும் காய்ந்த நிலையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் தரும். சொந்தமாக வளர்த்தால் லாபம். கருப்பு சிப்பாய் ஈயின் புழுவும் அப்படித்தான். காயவைத்துப் பொட்டலமாக விற்பதை வாங்கினால் மீன்தூளே மலிவாகத் தெரியும்.