சும்மா கிடைத்த பாட்டு

கேள்வி: இணையத்தில் எந்தப் பாட்டும் சும்மா கிடைக்கிறது. காசு கொடுக்காமல் டவுன்லோடு செய்வது தப்பா? இசையமைப்பாளர்கள் கோடிக்கணக்கில் சம்பாதித்துவிட்டார்களே! (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: தப்புதான். அதைச் சொல்ல ஒரு வரி போதும். ஆனால் உங்கள் கேள்வியில் இருக்கும் ‘சும்மா’ என்னை விடமாட்டேன் என்கிறது.

தமிழில் இவ்வளவு வேலை பார்க்கிற சொல் வேறு இல்லை. வீட்டுக்கு வந்தவரை ‘என்ன விஷயம்?’ என்று கேட்டால் ‘சும்மாதான்’ என்பார். கிளம்பும்போது வாசலில் நின்று கைமாற்று கேட்பார். விடியற்காலை எழுந்து ராத்திரி பதினோரு மணிக்குப் பாத்திரம் கழுவி முடிக்கிற பெண்ணைப் பற்றிக் கேட்டால், ‘வீட்ல சும்மாதான் இருக்கா’ என்கிறான் புருஷன். எங்கே இந்தச் சொல் வந்தாலும் அதற்கடியில் யாரோ ஒருவருடைய உழைப்போ தேவையோ மறைந்து கிடக்கிறது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று பழமொழி சொல்கிறோம். ஊதினவனுக்கு ஏதாவது கொடுத்தார்களா என்று ஒருத்தரும் கேட்டதில்லை!

பாரதி பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று யார் வேண்டுமானாலும் பாடலாம், அச்சிடலாம், காசு கிடையாது. அது தானாக வந்த சும்மா இல்லை. 1949-இல் சென்னை மாகாண அரசு அந்த உரிமையைப் பெற்றது, பிறகு மக்களுக்குப் பொதுவாக்கியது. படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பச் செட்டியார், அந்தப் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்யத் தன்னிடம் இருந்த உரிமையை விட்டுக்கொடுத்தார். ஆனால் பாரதி 1920-இல் தன் எழுத்துகளை 40 தொகுதிகளாக அச்சிட ஊரெல்லாம் கடன் கேட்டுக் கடிதம் அனுப்பிய மனிதர். அடுத்த வருஷமே போய்விட்டார். நமக்குச் சும்மா கிடைப்பதற்கு அவர் கொடுத்த விலை அது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

சரி, கோடி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பாட்டில் நீங்கள் பெயர் சொல்லக்கூடியவர்கள் மூன்று பேர், நாலு பேர். வயலின் வரிசையில் கடைசியில் உட்கார்ந்தவர், தபேலா வாசித்தவர், கோரஸ் பாடிய பெண்கள் எல்லாம் அன்றைய கால்ஷீட்டுக்கு உண்டான பணத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனவர்கள். பெயர் தெரிந்தவர்களுக்கே சட்டம் நெடுநாள் கைகொடுக்கவில்லை. படத்துக்காகப் போட்ட பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாடுகிறவருக்குச் சட்டத்தில் இடமே இல்லையே என்று அதே தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதி வைத்தார். அப்புறம் 35 வருஷம். தயாரிப்பாளருக்கே எல்லாம் என்ற நிலையை மாற்ற 2012-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்காக மாநிலங்களவையில் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் வாதாடினார். தியேட்டரில் படத்தோடு ஓடுவது போக, மற்ற வழிகளில் வரும் ராயல்டியில் (உரிமைத் தொகையில்) பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமை வாங்கினவரோடு சம பங்கு உண்டு. வேண்டாம் என்று அவர்களே எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. இவ்வளவு போராடி வாங்கின பங்கு. நீங்கள் திருட்டுத் தளத்தில் இறக்கினால் அந்தப் பங்கு பூஜ்யத்தில் சம பங்கு.

எண்பதுகளில் நானும் வேறு விதமாகச் செய்திருக்கிறேன். பஜாரில் இருந்த ரெக்கார்டிங் கடைக்கு ஒரு பக்கத் தாளில் பாட்டு எழுதிக்கொண்டு போவேன். 60 நிமிஷ கேசட். ஒரு பக்கத்துக்கு ஆறேழு பாட்டுதான் அடங்கும். கடைக்காரர் பால்பாயிண்ட் பேனாவால் அட்டையில் வரிசையாகப் பாட்டுகளை எழுதி, யாரும் அழித்துவிடாமல் இருக்க கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டையும் நெம்பி எடுத்துவிட்டுக் கொடுப்பார். காசு எண்ணிக் கொடுத்தேன். அதில் ஒரு பைசா பாடினவருக்குப் போகவில்லை என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது. அன்றைக்கு வேறு வழி குறைவு. இன்றைக்கு விளம்பரத்தோடு ஓசியில் கேட்கவே முறையான செயலிகள் இருக்கின்றன, ஐயா! ‘வழியில்லை’ என்ற பேச்சு எடுபடாது. எங்குமே விலைக்குக் கிடைக்காத பழைய இசைத்தட்டை ஒருவர் பாதுகாத்து ஏற்றி வைத்திருந்தால் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியாகி 60 வருஷத்தில் முடிந்துவிடுகிறது.

கும்பகோணம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை எழுதியதுதான், இன்னும் எழுதுவேன். போன மாதம் உங்கள் ஜில்லாவிலேயே ஒரு கல்யாணம். நாதஸ்வரம், தவில் இல்லை. ஐயர் ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்று கையை ஆட்ட, மைக்செட் தம்பி செல்போனைத் தட்டினார். எங்கிருந்தோ இறக்கிய மேளம். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார். இரண்டாவதில் கயிறு நழுவியது, நாத்தனார் குனிந்து மூன்றாவதைத் தேடுகிறாள், அதற்குள் மேளம் முடிந்து மண்டபம் அமைதியாகிவிட்டது! தவில்காரர் இருந்திருந்தால் மூன்றாவது முடிச்சு விழும்வரை அந்தக் கழுத்தை விட்டுக் கண்ணை எடுத்திருக்க மாட்டார். பூவுக்கும் பந்திக்கும் லட்சங்களில் செலவழித்தவர்கள் மேளத்தை மட்டும் சும்மா முடித்துக்கொண்டார்கள். கல்யாணத்தில் பாட்டுப் போட அனுமதி வேண்டாம் என்று சட்டமே சலுகை தருகிறது. அவர்கள் சட்டத்தை மீறவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது.

நாதஸ்வரத்துக்குப் பேர்போன திருவாவடுதுறையும் திருவிடைமருதூரும் உங்களுக்குப் பக்கத்து ஊர்கள். வீட்டில் கல்யாணம் வந்தால், மண்டபத்துக்கு முன்பணம் கட்டுகிற அன்றைக்கே மேளத்துக்கும் அச்சாரம் கொடுத்துவிடுங்கள். பேரம் பேச வேண்டாம்.