லுங்கிக்கு எத்தனை பைட்?

கேள்வி: அப்பாவுக்கு லுங்கி வியாபாரம். நான் பி.சி.ஏ. படிக்கிறேன். கடை ரகங்களையும் விலையையும் காட்ட நோட் ஜேஎஸ்ஸில் (ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் மென்பொருள்) ஒரு சின்ன சர்வர் எழுதினேன். முதலில் பிரவுசர் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு வரி சேர்த்ததும் அது நின்றது, ஆனால் தமிழ் பாதியில் அறுந்து வருகிறது. ‘எக்ஸ்பிரஸ் போடு, எல்லாம் சரியாயிடும்’ என்கிறான் கூடப் படிப்பவன். போடலாமா? நிரலை இணைத்திருக்கிறேன்.
- வாசகி, குடியாத்தம்

பதில்: போடலாம், இந்த வாரம் வேண்டாம். நண்பர் சொல்வது பொய்யில்லை. எக்ஸ்பிரஸ் என்பது நோட்டில் சர்வர் எழுத உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு. அதைப் போட்டால் உங்கள் கோளாறு மறைந்துவிடும். ஏன் மறைந்தது என்பது மட்டும் தெரியாது. காட்பாடியில் என்னிடம் படிக்க வருகிறவர்களை முதலில் நோட்டோடு வரும் ‘ஹெச்டிடிபி’ மாட்யூலிலேயே எழுதச் சொல்வது அதனால்தான். ஏழெட்டு வரி, தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

சுற்றலுக்குக் காரணம் சின்னது. ‘கிரியேட்சர்வர்’ உங்களிடம் இரண்டு பொருள்களைத் தருகிறது: ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ். ரெஸ்பான்ஸில் எவ்வளவு எழுதினாலும், ‘எண்ட்’ என்று கூப்பிடும்வரை பதில் முடிந்ததாக பிரவுசர் நினைக்காது, காத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் சேர்த்த வரி அதுதான்.

இப்போது தமிழுக்கு வருவோம். பதிலின் அளவை பிரவுசருக்கு முன்கூட்டியே சொல்லும் ‘கன்டென்ட் லெங்த்’ என்ற ஹெட்டரில், அனுப்பும் எழுத்துத் தொடரின் (ஸ்ட்ரிங்) ‘லெங்த்’தைக் கொடுத்திருக்கிறீர்கள். ஆங்கிலம் மட்டும் இருந்தால் இது ஓடியிருக்கும், தவறு கண்ணிலேயே பட்டிருக்காது. அந்த ஹெட்டர் கேட்பது எழுத்துக் கணக்கை அல்ல, பைட் கணக்கை; பைட் என்பது கணினி தகவலை அளக்கும் அலகு. ‘லுங்கி’யை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்டுக்கு ஆறு: ல, உகரக் குறி, ங, புள்ளி, க, இகரக் குறி. எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆக 18. நீங்கள் ஆறு என்று சொன்னதால் பிரவுசர் ஆறு பைட்டோடு கையைக் கழுவிவிடும். திரையில் ‘லு’ மட்டும் மிஞ்சும். ‘பஃபர்’ பொருளின் ‘பைட்லெங்த்’தால் எண்ணுங்கள், அல்லது அந்த வரியையே எடுத்துவிடுங்கள், நோட் தானே பார்த்துக்கொள்ளும். எடுத்துவிடுவதே மேல்.

கையோடு ‘கன்டென்ட் டைப்’பில் சார்செட் யுடிஎஃப்-8 என்று சேர்த்துவிடுங்கள். அதை விட்டால் சில நேரம் தமிழுக்குப் பதில் தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசைகட்டும்.

பக்கத்தை ஒரு தடவை திறந்தால் கன்சோலில் இரண்டு தடவை அச்சாகிறதே என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது, டேபில் காட்டும் குட்டிச் சின்னத்துக்காக பிரவுசர் தானாகக் கேட்கும் ‘ஃபேவிகான்’. பயப்பட ஒன்றுமில்லை.

ரயன் டால் 2009இல் நோட்டை வெளியிட்டபோது முன்வைத்தது இந்தச் சின்ன சர்வர் மாதிரியைத்தான். க்ரோமுக்குள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் வி8 எஞ்சினை வெளியே எடுத்து சர்வரில் ஓடவிட்டார். பிரவுசருக்காகக் கற்ற மொழியே இங்கும் செல்லுபடியாவது அதனால்தான்.

கேள்வி: நோட்டில் எழுதிய என் சர்வர், லேப்டாப்பில் ‘லோக்கல்ஹோஸ்ட் 3000’ என்று போட்டால் அழகாக வருகிறது. அதே முகவரியை அம்மாவின் போனில் போட்டால் வரவில்லை. நிறுத்தி மறுபடி ஓட்டினால் ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ என்று திட்டுகிறது.
- வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: லோக்கல்ஹோஸ்ட் என்றால் ‘இந்தக் கருவியே’. போனில் போட்டால் போன் தன்னிடமே சர்வரைத் தேடும். லேப்டாப்பின் டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) ‘ஐபிகான்ஃபிக்’ அடித்து, பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண்ணை எடுத்து, அதோடு 3000 போர்ட்டைச் சேர்த்து போனில் போடுங்கள். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால் கொடுங்கள்.

இரண்டாவது: பழைய சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டெர்மினல் ஜன்னலைச் சின்னதாக்கினால் நின்றுவிடாது. அதில் கன்ட்ரோல்-சி அடித்தால்தான் நிற்கும். ஜன்னல் தொலைந்துவிட்டதென்றால் டாஸ்க் மேனேஜரில் நோட்டைத் தேடி முடித்துவிடுங்கள்.

ஆற்காட்டில் இருக்கும் அத்தைக்கும் காட்டவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டு வைஃபை எண் அங்கே எட்டாது. அதற்கு ஹோஸ்டிங், அதாவது சர்வரை இணையத்தில் வைத்து ஓட்டும் சேவை வேண்டும். அதை அடுத்த இதழில் வைத்துக்கொள்வோம்.