சைக்கிளில் வேலைக்குப் போகும்போது எவ்வளவு மாசை உள்ளிழுக்கிறேன் என்று எப்படி அளப்பது?

சென்னை வேளச்சேரி காற்றுத் தரக் கண்காணிப்பு நிலையத்தின் எண்ணைச் செயலியில் பார்த்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நிலையம் சொல்வது சுற்றுவட்டாரத்தின் பொதுக் காற்றை. சிக்னலில் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கும் உங்கள் மூக்கருகே இருப்பதை அல்ல. அதோடு நம் நாட்டுக் காற்றுத் தரக் குறியீடு துகள்களுக்கு 24 மணி நேரச் சராசரி. காலை நெரிசல் அதில் கரைந்துபோகும்.

சைக்கிளில் கட்ட நீங்களே ஒரு கருவி செய்யலாம். லேசர் ஒளியால் தூசித் துகள்களை அளக்கும் பிளான்டவர் பிஎம்எஸ்5003 சென்சார், தரவைப் பதியும் சின்னக் கணினிப் பலகையான ஈஎஸ்பி32, ஜிபிஎஸ், ஈரப்பத சென்சார், எஸ்டி கார்டு, பவர் பேங்க் போதும். பிஎம்எஸ்5003-இன் விசிறிக்கு 5 வோல்ட் வேண்டும். டேட்டா பின்னுக்கு 3.3 வோல்ட்தான். காற்றுத் துளை முன்னோக்கி இருக்கவே கூடாது. எதிர்காற்று விசிறியின் ஓட்டத்தைக் கலைத்து எண்ணைக் கெடுக்கும். கீழ்நோக்கி, வெயில் படாமல் கட்டுங்கள். முதல் 30 வினாடித் தரவைத் தள்ளிவிடுங்கள்.

சென்னையில் பெரிய சிக்கல் ஈரப்பதம். 75–80 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடும். லேசருக்கு அதுவும் தூசிதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ, பர்ப்பிள்ஏர் என்ற மலிவு சென்சார் கருவிக்குத் தந்த திருத்தச் சமன்பாட்டை அப்படியே போடாதீர்கள், அது அந்த ஊர்க் காற்றில் போட்ட கணக்கு. நிலையத்தை ஒட்டி ஒரு வாரம் வைத்து, மணிநேரச் சராசரிகளை ஒப்பிட்டு நீங்களே திருத்தம் கண்டுபிடியுங்கள். மழைக்காலத்தில் மறுபடியும் செய்ய வேண்டும்.

இன்னொன்று, 0.3 மைக்ரானுக்குக் கீழே இந்த சென்சாருக்குக் கண் தெரியாது. டீசல் புகையின் துகள்களில் எண்ணிக்கைப்படி பெரும்பாலானவை அதைவிடச் சிறியவை. ஆகவே மெயின் ரோட்டின் எண் உள்தெருவைவிடக் கொஞ்சம் கூடினாலே, நிஜ வித்தியாசம் அதைவிடப் பெரிது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சென்சார் காட்டும் பிஎம் 10 (10 மைக்ரான் வரையிலான துகள்கள்) எண்ணை நம்பவே வேண்டாம்.

மலிவு சென்சாரில் என்ன அறிவியல் என்று கேட்க வருபவர்களுக்கு: துல்லியமான மைக்ரோகிராம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒரே சென்சாரால் இரண்டு வழிகளை ஒப்பிட இது போதும். ஃபார்மால்டிஹைடு, கார்பன் டை ஆக்சைடு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் காட்டி விற்கிறார்களே, அதைக் கேள்வி கேளுங்கள். பலவற்றில் கார்பன் டை ஆக்சைடு அளக்கப்படுவதே இல்லை, வேறு வாயுக்களிலிருந்து ஊகித்துப் போடுகிறார்கள். அதற்குப் பணம் வாங்குவது அநியாயம்.

கடைசியாக, செறிவு மட்டும் போதாது. மூச்சையும் நேரத்தையும் பெருக்க வேண்டும். கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் துகள் உள்ள காற்றில், நிமிடத்துக்கு 40 லிட்டர் மூச்சு வாங்கி 7.5 கிலோமீட்டரை அரை மணி நேரத்தில் மிதித்தால் 60 மைக்ரோகிராம் உள்ளே போகும். அதே தூரத்தை ஒன்றரை மணி நேரம் நடந்தால், 20 லிட்டர் மூச்சிலும் 90. ஒரு நாள் சவாரியை வைத்து வழியை மாற்றாதீர்கள். இரண்டு வழியிலும் நாளின் அதே வேளையில், மாற்றி மாற்றிப் பல நாள் ஓட்டி, அந்தந்த மணிநேர நிலைய அளவைக் கழித்து, மீடியனை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) ஒப்பிடுங்கள்.