ஒரு பக்கம் மட்டும் வீங்கினால்: மார்பக இம்ப்ளான்ட் கேள்வி-பதில்

மார்பில் வைக்கும் செயற்கைப் பையான இம்ப்ளான்ட் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அறுவை நடந்த தேதியே இல்லை. எந்தப் பக்கம், உள்ளே இருப்பது சிலிக்கோனா உப்புநீரா, மேற்பரப்பு வழுவழுப்பா சொரசொரப்பா என்பதும் இல்லை. இவை தெரியாமல் பதில் சொன்னால் அது வெறும் ஊகம்தான். இந்த விவரங்கள் உள்ள இம்ப்ளான்ட் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

கே: நேற்று முன்தினம் அறுவை. இடது பக்கம் வலதைவிடப் பெரிதாகிக் கல் மாதிரி இறுகியிருக்கிறது. மாத்திரைக்கும் வலி கேட்கவில்லை. ஐஸ் வைக்கலாமா?

ஐஸ் வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள். முதல் இரண்டு மூன்று நாளில் ஒரு பக்கம் மட்டும் வேகமாகப் பெருத்தால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சின்னக் கட்டு தானே கரையும். பெருகிக்கொண்டே போவது கரையாது. மறுபடி திறந்து, கட்டியை அகற்றி, ரத்தம் கசியும் இடத்தை அடைக்க வேண்டியிருக்கும். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் எதுவும் சாப்பிடாமல் கிளம்புங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்றவற்றை நீங்களாகப் போட்டுக்கொள்ள வேண்டாம், ரத்தக் கசிவு கூடும். ஐஸில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அறுவைக்குப் பின் அந்தத் தோலுக்கு உணர்ச்சி குறைவு; குளிரில் தோல் புண்ணானாலும் உங்களுக்குத் தெரியாது. ஒத்தடத்துக்கும் இதே எச்சரிக்கைதான்.

கே: பத்து நாள் ஆயிற்று. குனிந்து நிமிர்ந்தால் உள்ளே களக் களக் என்கிறது.

உள்ளே தங்கிய காற்றும் நீரும் எழுப்பும் சத்தம். சில வாரங்களில் அடங்கும். சத்தத்தோடு காய்ச்சலோ சிவப்போ இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

கே: மூன்றாவது வாரம். தையலைச் சுற்றிச் சிவந்து சுடுகிறது. லேசான காய்ச்சல். பல்லுக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் மீதம் இருந்தது, நான்கு போட்டேன். சரியாகிவிடுமா?

அந்த நான்கு மாத்திரையைப் போடாமல் இருந்திருக்கலாம். கிருமி இம்ப்ளான்டின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு வளரும்; அந்தப் படலத்துக்குள் மருந்து சரியாக இறங்காது. அரைகுறை மருந்தால் காய்ச்சல் தணிந்ததுபோல் தோன்றும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையிலும் அது சிக்காது. இனி ஒரு மாத்திரையும் வேண்டாம், இன்றே அறுவை மருத்துவரைப் பாருங்கள். போட்ட மருந்தின் பெயரை மறைக்காமல் சொல்லுங்கள். கிளம்புமுன் சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு நேரத்தையும் எழுதிவிடுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால் அதுவே முக்கியமான செய்தி. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், சீழ் வடிந்தால், வெயிலில் கருகியதுபோல் உடம்பெல்லாம் சிவந்து தலை சுற்றினால், நேராக அவசரப் பிரிவுக்கு. சில சமயம் இம்ப்ளான்டை எடுத்துவிட்டுச் சில மாதம் கழித்துத்தான் புதிது வைக்க முடியும்.

கே: மார்பின் கீழே நூல் கயிறு மாதிரி ஒன்று தட்டுப்படுகிறது. கையைத் தூக்கினால் இழுக்கிறது.

தோலுக்கடியில் உள்ள சிறு ரத்தக்குழாய் அடைத்து இறுகியது. மாண்டர் நோய் என்பார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்தில் மறைந்துவிடும். அடுத்த பரிசோதனையில் காட்டுங்கள்; கயிறு அல்லாமல் உருண்டையாகக் கட்டி இருந்தால் உடனே காட்டுங்கள்.

கே: வைத்து ஒன்பது வருடம். இரண்டு மாதமாக வலது பக்கம் மட்டும் வீக்கம், வலி இல்லை. ஒருவர் ஊசியால் 80 மில்லி நீர் எடுத்தார், வடிந்தது. இப்போது திரும்ப வருகிறது. மறுபடி எடுத்துவிடலாமா?

அந்த 80 மில்லி எங்கே போனது? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை. கொட்டப்பட்டிருந்தால் உங்களுக்கு வேண்டிய விடையும் அதோடு போய்விட்டது. எத்தனை முறை சொன்னாலும் இந்தத் தவறு நிற்கவில்லை.

வைத்து ஓராண்டுக்குப் பிறகு ஒரு பக்கம் நீர் சேர்ந்தால், காரணம் தெரியும்வரை அதைச் சாதாரண நீர் என்று சொல்லக் கூடாது. உராய்வு, தொற்று, கிழிசல் ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். அரிதாக பி.ஐ.ஏ.-ஏ.எல்.சி.எல். என்ற புற்றுநோய் இருக்கும். இது மார்பகப் புற்றுநோய் அல்ல. இம்ப்ளான்டைச் சுற்றி உடம்பு கட்டும் உறையில் தோன்றும் டி-செல் லிம்ஃபோமா, அதாவது வெள்ளணுக்களில் வரும் புற்றுநோய். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் இதைத் தற்காலிகமாகத் தனி நோயாக ஏற்றது. ஏறக்குறைய எல்லா நோயாளிகளும் ஏதோ ஒரு கட்டத்தில் சொரசொரப்பான இம்ப்ளான்ட் வைத்திருந்தவர்கள். அல்லர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகை 2019 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது இதற்காகத்தான். பொதுவாக எட்டு, பத்து வருடம் கழித்துத் தலைகாட்டும். உங்கள் ஒன்பது வருடம் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

செய்யவேண்டியது இது. முதலில் அல்ட்ராசவுண்ட். ஸ்கேன் பார்த்துக்கொண்டே நீரை உறிஞ்ச வேண்டும்; குத்துமதிப்பாகக் குத்தினால் ஊசி இம்ப்ளான்டில் இறங்கிவிடும். கிடைக்கும் நீர் முழுவதும் ஆய்வகத்துக்குப் போகட்டும், 50 மில்லி இருந்தால் நல்லது. படிவத்தில் ‘மார்பக இம்ப்ளான்ட், ஏ.எல்.சி.எல். சந்தேகம், சிடி30 பார்க்கவும்’ என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். சிடி30 என்பது இந்தப் புற்றணுக்களைக் காட்டிக்கொடுக்கும் புரதம். வெறுமனே ‘நீர்ப் பரிசோதனை’ என்று எழுதினால் சிடி30 சோதனை நடக்காமலே போகலாம். கல்ச்சருக்கும் ஒரு பகுதி போகவேண்டும். மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) சரியாக இருக்கிறது என்று சொல்லி யாரும் இதைத் தள்ளிப்போட விடாதீர்கள். இந்த நோயைத் தேட அது போதாது.

நோய் உறுதியானால் இம்ப்ளான்டையும் உறை முழுவதையும் சேர்த்து அகற்ற வேண்டும். உறையை விட்டுவிட்டு இம்ப்ளான்டை மட்டும் மாற்றுவது சிகிச்சை ஆகாது. உறைக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் பெரும்பாலோருக்கு அறுவையே போதும்.

இதைப் படித்துவிட்டு, சொரசொரப்பு வகை வைத்திருந்தும் எந்தத் தொல்லையும் இல்லாதவர்கள் எடுத்துவிட ஓடவேண்டாம். அமெரிக்காவின் மருந்து, மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் அப்படி எடுக்கச் சொல்லவில்லை. ஒரு பக்கம் மாறுகிறதா என்று கவனித்தால் போதும்.

கே: மார்பு கெட்டியாகிறது. அழுத்திப் பிசைந்தால் உறை உடையும் என்கிறார்களே?

உறை உடையாமல் இம்ப்ளான்ட் கிழியலாம், ரத்தமும் கசியலாம். பழைய முறை, கைவிடப்பட்டுவிட்டது. கெட்டியாவதைத் தரம் பிரிக்கும் பேக்கர் அளவில் ஒன்று என்றால் மிருது. இரண்டு, தொட்டால் சற்றுக் கெட்டி. மூன்று, வடிவமே மாறியது தெரியும். நான்கு, வலியும் சேரும். மூன்றும் நான்கும் பெரும்பாலும் அறுவையில்தான் தீரும். பல வருடம் மிருதுவாக இருந்துவிட்டு ஒரு பக்கம் மட்டும் கெட்டியானால் முதலில் ஸ்கேன் எடுத்துக் கிழிசலும் நீரும் உண்டா என்று பாருங்கள்.

கே: சிலிக்கோன் வைத்து ஏழு வருடம். ஒரு தொல்லையும் இல்லை. ஸ்கேன் வீண்தானே?

இல்லை. உப்புநீர் வகை கிழிந்தால் சில நாளில் வற்றிச் சுருங்கும், கண்ணுக்கே தெரியும். சிலிக்கோன் ஜெல் உறைக்குள்ளேயே கிடக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. எஃப்.டி.ஏ. 2020-இல் சொன்ன கணக்கு: ஐந்து, ஆறு வருடத்தில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. நீங்கள் முதலாவதையே தாண்டிவிட்டீர்கள். கிழிசல் மட்டும் பார்க்க எம்.ஆர்.ஐ.க்குச் சாய மருந்து தேவையில்லை.

கே: மேமோகிராமில் வெடித்துவிடுமா?

மிக அரிது. இம்ப்ளான்ட் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதைப் பின்னுக்குத் தள்ளிக் கூடுதல் படங்கள் எடுப்பார்கள்.

கே: வைத்த பிறகு சோர்வு, மூட்டுவலி, மறதி. எல்லாம் மனப்பிரமை என்கிறார்கள்.

அப்படிச் சொல்வது தவறு. எஃப்.டி.ஏ. 2021 முதல் கட்டாயமாக்கிய எச்சரிக்கையிலேயே இந்த அறிகுறிகள் இருக்கின்றன. இம்ப்ளான்ட்தான் காரணம் என்று உறுதிசெய்யும் சோதனை எதுவும் கிடையாது. அதனால் தைராய்டு, ரத்தசோகை, வாத நோய்ச் சோதனைகளை முதலில் செய்யுங்கள். எடுத்தபின் பலருக்குக் குறைகிறது, எல்லோருக்கும் அல்ல. உறுதியளிப்பவரை நம்பவேண்டாம்.

கே: அறுவை முடிந்து ஐந்து நாள். கெண்டைக்கால் ஒன்று வீங்கி வலிக்கிறது, இன்று மூச்சும் வாங்குகிறது.

காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். காலை நீவிவிட வேண்டாம், நடக்கவும் வேண்டாம். ஆம்புலன்ஸை அழையுங்கள்.