டர்னிட்டினில் ஏஐ 42% வந்திருக்கிறது, என்ன செய்வது?

உங்கள் ஆய்வேட்டு அத்தியாயத்தை டர்னிட்டின் என்ற சோதனை மென்பொருளில் போட்டதில், ஒப்புமை (பிற எழுத்துகளோடு ஒத்துப்போகும் பகுதி) 7%, ஏஐ எழுதியதாகக் கருதும் பகுதி 42% என்று வந்திருக்கிறது, அதனால் கைடு அத்தியாயத்தையே திருப்பி எழுதச் சொல்கிறார் என்கிறீர்கள். இரண்டும் வெவ்வேறு கணக்கு. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறையில் உள்ள 10% வரம்பு ஒப்புமைக்கு மட்டும்தான். ஏஐ எண் வெறும் ஊகம். அதை மட்டும் வைத்து நடவடிக்கை எடுக்காதீர்கள் என்று டர்னிட்டினே சொல்கிறது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ, ஏஐ எழுத்தைக் கண்டறியும் தன்னுடைய கருவியைத் துல்லியம் போதாமல் 2023 ஜூலையில் நிறுத்தியேவிட்டது.

கைடிடம் சதவீதத்தைப் பற்றி வாதாடாமல், எழுதிய தடத்தைக் காட்டுங்கள். கூகுள் டாக்ஸ் என்றால் ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி: எந்தப் பத்தி எந்தத் தேதியில் வளர்ந்தது என்று தெரியும். வேறெங்கோ எழுதி மொத்தமாக ஒட்டியிருந்தால் அது உதவாது. பழைய வரைவுகளையும் கைடுக்கு அனுப்பிய மின்னஞ்சல்களையும் தேடியெடுங்கள். டர்னிட்டினின் முழு அறிக்கையை வாங்கி, அதில் ஏஐ என்று நிறமிட்ட பத்திகளை மட்டும் வாய்மொழியாக விளக்கத் தயார் என்று சொல்லுங்கள். ஏஐ எழுத்தை மனிதர் எழுதியதுபோல் மாற்றித்தரும் ஹ்யூமனைசர் கருவிகள் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள், இருக்கும் ஆதாரமும் கெட்டுப்போகும்.